ஆதம்பாக்கம் போகவில்லை

சென்னைக்கு வருகிறவர்கள் கோவில் பார்க்க வருவார்கள், கடல் பார்க்க வருவார்கள், பட்டுப்புடவை எடுக்க வருவார்கள். நான் என் தம்பியை ஒளித்து வைப்பதற்காகப் பினாங்கிலிருந்து வந்தேன்.

பினாங்கில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மயிலாப்பூரில் என் தங்கை பங்கஜம் இருக்கிறாள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே பெண் லலிதா டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறாள். என் தம்பி சேதுவும் அவர்களோடுதான் இருக்கிறான். அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. லலிதாவைப் பெண் பார்க்க மந்தைவெளியிலிருந்து வருகிறார்கள், அதற்குள் நீ வந்து சேதுவை ஒரு வழி பண்ணிவிட்டுப் போ என்று பங்கஜம் சொல்லி அனுப்பியிருந்தாள். கப்பல் ஏறினேன்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் டிரங்குப் பெட்டியைக் கிளறி, ஜாதிக்காய் ஊறுகாய்ப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாட்டில் வேற எதுவும் இல்லியா பெரியவரே?"

"நான் குடிப்பதில்லை."

"குடிச்சாலும் இனிமே தூக்கிட்டு வர வேணாம். போன வருஷத்துலேர்ந்து இங்கியே கடை தொறந்துட்டாங்க." ஏதோ கும்பாபிஷேகச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

டாக்சியின் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மயிலாப்பூர் போகும்வரை அதை நான் கையால் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று டிரைவர் கேட்டுக்கொண்டார். வழியில் ஒரு பிராந்திக் கடை வாசலில் நல்ல வெயிலில் வரிசை நின்றது. "கியூவைப் பாரு சார்! கோயில்ல கூட இம்மாம் ஒழுங்கா நிக்க மாட்டானுங்க" என்றார். பினாங்கில் இப்படி வரிசை பார்த்ததில்லை. அங்கே தோட்டத்துக் கூலிகளுக்கென்று கள்ளுக்கடையைச் சர்க்காரே நடத்தியது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடை வாசலில் பெஞ்சு போட்டு ஏறி நின்று, குடி குடியைக் கெடுக்கும் என்று பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் கை தட்டிவிட்டு உள்ளே போய்க் குடித்தார்கள்.

பங்கஜம் அடை வார்த்துப் போட்டாள். நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, ஓரம் முறுகலாக. தொட்டுக்கொள்ள வெல்லமும் வெண்ணெயும். பினாங்கில் எந்த மாவை அரைத்தாலும் இது வருவதில்லை. மூன்றாவது அடை இலையில் விழும்போது விஷயத்துக்கு வந்தாள்.

"வெளியூர்லேர்ந்து வரவாளுக்கு எல்லாரும் கோவிலைக் காட்டறா. இவன் எதைக் காட்டறான் தெரியுமோ? மதுவிலக்கு இருந்தப்போ மெட்ராஸ்ல எங்கெங்க திருட்டுத்தனமாக் குடிச்சான்னு காட்டறான். நந்தனம் காலேஜ் பசங்க, பம்பாய்லேர்ந்து வந்த இன்ஜினீயர், யார் யாரோ வரா. 'சேது மாமா டூர்'னு பேரு வேற. கடைசியில அவனுக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தரணுமாம், அதான் தட்சிணை. மந்தைவெளிக்காரா காதுல விழுந்தா என் பொண்ணு கதி?"

"கண் எப்படிப் போச்சு என்று கேட்டால்?"

"டைபாய்டுதான். வருஷக்கணக்கா அதைத்தானே சொல்லிண்டிருக்கோம்!" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தோசைத் திருப்பியைத் தேடினாள்.

திட்டம் எளிதானது. அவர்கள் வரும் நாளில் சேதுவை ஆதம்பாக்கத்தில் எங்கள் சித்தப்பா பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பிறகு நான் திரும்பி வந்து குடும்பத்துப் பெரியவனாகக் கூடத்தில் உட்கார வேண்டும்.

மறுநாள் லலிதா என்னைப் பாண்டி பஜாருக்கு அழைத்துப் போனாள். சட்டையின் அளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுகிற கடைக்காரர்கள், நடைபாதையில் ஊக்கும் ரிப்பனும் விற்கிறவர்கள், யாரையும் இடிக்காமல் எல்லோரையும் உரசிப் போகிற கூட்டம். லலிதா வேகமாக நடக்கிறவள், வேகமாகப் பேசுகிறவள். காபிப் பொடி அரைக்கிற இடத்தில் நிற்கும்போது கேட்டாள்.

"நாளைக்கு சேது மாமா எங்க இருப்பார்?"

"ஆதம்பாக்கத்தில்."

சிக்கரி எவ்வளவு போடட்டும் என்று கடைக்காரர் கேட்டதற்கு, "போடவே வேண்டாம்" என்று கொஞ்சம் கடுமையாகச் சொன்னாள். நான் வேறு ஏதோ பேச ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் காலை சேதுவும் நானும் கிளம்பினோம். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. வலது கையை என் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். வழி சொல்வதெல்லாம் அவன்தான். நான் அவனுக்கு மாடு மாதிரி.

"அண்ணா, அவா வரது சாயங்காலம். இன்னும் வெயிலே ஏறலை. என் டூரைப் பார்த்துட்டு ஆதம்பாக்கம் போலாம்."

"அதெல்லாம் வேண்டாம் சேது."

"நிறுத்தத்தானே வந்திருக்கே? எதை நிறுத்தறோம்னு பார்த்துட்டு நிறுத்து. லெஃப்ட்ல திரும்பு."

திரும்பினேன்.

முதல் ஸ்தலம், அவன் அப்படித்தான் சொன்னான், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு நாட்டு மருந்துக் கடை. தெருவில் நின்றபடியே கோவில் குருக்கள் குரலில் ஆரம்பித்தான்.

"இங்கே எழுந்தருளி அருள்பாலிச்சது திராட்சாரிஷ்டம். போதை ஏறும், ஆனா மருந்துங்கறதால சட்டம் தொடாது. சாயங்காலம் ஆச்சுன்னா மயிலாப்பூர்ல பாதிப் பேருக்கு வயித்து வலி வந்துடும். வக்கீல், வாத்தியார், சங்கீத சபா காரியதரிசி, எல்லாரும் வயித்தைப் பிடிச்சுண்டு வரிசையில நிப்பா. கடைக்காரர் ஒரு கேள்விதான் கேட்பார். 'வயித்து வலியா, பலமான வயித்து வலியா?' பலமான வலின்னா பெரிய பாட்டில்."

உள்ளேயிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வாங்கோ சேது சார். இன்னிக்கு ஒருத்தர்தானா?"

"இவர் எங்க அண்ணா."

"பினாங்கு அண்ணாவா?" என்றவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, யாரும் கேட்காத சுக்கை எடுத்து நிறுக்க ஆரம்பித்தார்.

மாணிக்கம் என்பவருடைய சைக்கிள் ரிக்‌ஷாவில் சாந்தோம் போனோம். மாதா கோவிலைத் தாண்டிக் குப்பத்துக்குள் இறங்கியதும் கருவாட்டு வாடை நெஞ்சை அடைத்தது. மணலில் கட்டுமரங்கள் கிடந்தன. மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"இன்னா ஐயரே, ஒரே ஒரு கிராக்கியா? உன் யாவாரம் டல்லாக் கீதே!"

"கிராக்கி இல்ல, ஆரோக்கியம். எங்கண்ணன்."

"கப்பல்ல போனாரே, அவரா? உன் கண்ணு போனப்போ எட்டிக்கூட பாக்கலையாமே?"

"பார்த்தார், பார்த்தார். நான்தான் பார்க்கலை" என்றான் சேது. அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்த்து இரண்டு பேரும் கொஞ்சம் காத்திருந்தார்கள்.

ஆரோக்கியம் விற்றது சுண்டக்கஞ்சி. சோற்றைப் பானையில் போட்டுப் புளிக்கவைத்து, மணலுக்குள் புதைத்து, மேலே கட்டுமரத்தை இழுத்துப் போட்டுவிடுவாளாம். போலீஸ்காரர்கள் இரும்புக் கம்பியால் மணலைக் குத்திக்கொண்டே வருவார்களாம்.

"நானு அது மேலயே கருவாட்டைக் காயப்போட்டுட்டேன். அந்தப் போலீசு சைவம். மூக்கைப் புட்ச்சிக்கினு ஓடியே பூட்டாரு. இப்போ இன்னான்னா, கவருமெண்டே கடை தொறந்து நம்ம பொயப்புல மண்ணைப் போட்டுச்சு" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ குடிப்பியா?"

"இல்லையம்மா."

"குடிக்காதவருக்கு இன்னாத்துக்கு டூரு?"

ரிக்‌ஷாவில் ஏறினேன்.

அடையாறு பாலத்தின் நடுவில் டமார் என்று சத்தம் கேட்டு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "போச்சு நைனா! ட்யூபு பூட்டுச்சு" என்று மாணிக்கம் இறங்கினார். சேதுவுக்கு ஏக சந்தோஷம்.

"சரியான இடத்துலதான் வெடிச்சிருக்கு! அண்ணா, அந்தாண்ட சவுக்குத் தோப்பு தெரியறதா? அங்கதான் பட்டைச் சாராயம் காய்ச்சுவா. சைக்கிள் ட்யூப்ல ரொப்பி, ரெண்டு பக்கமும் கட்டி, உடம்புல சுத்திண்டு, மேல சட்டையைப் போட்டுண்டு இந்தப் பாலத்து மேலயே நடந்து வருவா."

"வருவா இன்னா வருவா? நானே சுத்திக்கினு வந்துகீறேன்" என்றார் மாணிக்கம், சக்கரத்தைக் கழற்றியபடி. "ஒரு தபா போலீஸ்காரரு முதுவுல தட்டினாரு. உள்ளே களக் களக்னுது. இன்னாடா சத்தம்னாரு. வயிறு சரியில்ல சார்னேன். பாவம், வூட்டுக்குப் போயி மோர் குடின்னாரு!"

மீதிப் பாலத்தை நடந்து கடந்தோம். கீழே ஆறு கடலைத் தேடிப் படுத்துக் கிடந்தது. நல்ல காற்று. குப்பத்தில் சேதுவும் ஆரோக்கியமும் சிரித்ததை நினைத்துக்கொண்டே நடந்தேன். என் தம்பிக்கு இத்தனை பேரைத் தெரியும் என்பதும், இத்தனை பேருக்கு என்னைப் பற்றித் தெரியும் என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது.

பஸ் பிடித்துத் தியாகராய நகர் போனோம். ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. மணத்தக்காளி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். சேது இலையில் எது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டான். நான்தான் வேட்டியில் ரசத்தைக் கொட்டிக்கொண்டேன்.

"இன்னும் ஒரே ஸ்தலம்தான்" என்றான்.

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. முன்பு அங்கே மேஜை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறை இருந்தது. இப்போது ஒரு தையற்கடை. ரவிக்கைத் துணிகள் தொங்கின.

இங்கே நான் என் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மதுவிலக்குக் காலத்திலும் சட்டப்படி குடிக்க ஒரு வழி இருந்தது. இவர் குடிக்கு அடிமை, இது இல்லாமல் இவரால் முடியாது என்று டாக்டர் எழுதித் தந்தால், பெர்மிட் வாங்கி நல்ல சரக்கைக் கடையிலேயே வாங்கலாம். சேது அதற்கு ஒரு டாக்டரைப் பார்த்து வைத்திருந்தான். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றார் அந்த டாக்டர். அப்போது என் பெண்ணின் கல்யாணத்துக்காக நான் விடுமுறையில் வந்திருந்தேன். சம்பந்தி ஆகப் போகிறவருக்கு, அந்தப் பெர்மிட் காகிதங்கள் போய்ச் சேருகிற அலுவலகத்திலேயே வேலை. என் தம்பியின் பெயர் 'அடிமை' என்ற சொல்லோடு அவர் மேஜைக்குப் போவதை நான் விரும்பவில்லை. கல்யாணம் முடிகிறவரை அடக்கிக்கொள் என்று சொன்னேன். சேது என் கையைப் பிடித்துக் கேட்டான். முடியாது என்று கையை உதறினேன்.

அவன் அடக்கிக்கொள்ளவில்லை. அடக்கிக்கொள்ள முடியாது என்பதைத்தானே அந்த டாக்டர் எழுதித் தருவதாக இருந்தார். கல்யாணச் சந்தடியில் நழுவி இந்தப் பட்டறைக்கு வந்து, பாலிஷ் கலக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைக் குடித்தான். சம்பந்திகளை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது, விளக்கு ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று என்னைக் கேட்டான். அப்போது நல்ல பகல். டைபாய்டு என்று முதலில் சொன்னவனும் நான்தான். இரண்டு வாரத்தில் கப்பல் ஏறிவிட்டேன். பினாங்கில் தொடர்ந்து மதுவிலக்குப் பிரசங்கம் செய்தேன்.

தையற்கடை வாசலில் நின்றுகொண்டு கேட்டேன்: "இங்கே வந்ததும் அந்தப் பையன்களிடம் என்ன சொல்லுவாய்?"

"பேராசைன்னு சொல்வேன். ஓசியில கிடைச்சுதுன்னு மொடாக்குடியாக் குடிச்சேன், கண்ணு போச்சுன்னு. சிரிப்பா."

"என்னைப் பற்றி?"

"உன்னைப் பத்திச் சொன்னா டூர் நீண்டுடும் அண்ணா."

தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஒருவர் இன்னொருவரிடம், "ஐயர் வந்துட்டாருடா, கதை கேக்கலாம்" என்றார். கதை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்கள்.

"வா, தட்சிணை கொடு" என்றான் சேது.

தெருமுனையில் பிராந்திக் கடை. பக்கத்தில் தட்டி கட்டிய இடத்தில் நாலைந்து மேஜை. வாசல் தெருவைப் பார்த்தே இருந்தது. திரை கிடையாது. போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் நாங்கள் தெரிவோம். சேதுவுக்குப் பிராந்தி சொன்னேன். பிறகு எனக்கும் ஒரு பீர் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"யாருக்கு பீர்?" என்றான் சேது.

"எனக்குத்தான்."

ஒரு வாய் குடித்தேன். நிலவேம்புக் கஷாயத்தில் சோடா ஊற்றியதுபோல் இருந்தது. அடுத்த மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொத தபாவா பெரியவரே? மெதுவா, மெதுவா. ஒண்ணியும் ஓடிப் போவாது" என்று தைரியம் சொன்னார். இரண்டாவது பீரும் சொன்னேன். தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் எனக்குக் கை தட்டிவிட்டு உள்ளே போனவர்கள் பேரில் அன்று முதன்முறையாக எனக்கு மரியாதை வந்தது. அவர்கள் முன்வாசல் வழியாகப் போனார்கள்.

வெளியே வந்து டாக்சியை நிறுத்தினேன். "மயிலாப்பூர்" என்றேன்.

சேது கதவைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தான். "அண்ணா, வழி தப்பு. சைதாப்பேட்டை போய் ஆதம்பாக்கம் பஸ் பிடிக்கணும்."

"ஆதம்பாக்கம் போகவில்லை."

"குழந்தை கல்யாணம்டா அண்ணா! டூரை வேணா விட்டுடறேன், இன்னியோட விட்டுடறேன். என்னை அங்க கொண்டு விட்டுடு."

"உன்னை ஒரு தடவை ஒளித்து வைத்தது போதும். ஏறு."

பிடித்துத் தள்ளித்தான் ஏற்றினேன். வழியெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து மந்தைவெளிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. தட்டுகளில் சொஜ்ஜியும் பஜ்ஜியும். லலிதா ஓரமாக நின்றிருந்தாள். பங்கஜம் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த காபி டவராவைத் தரையில் வைத்துவிட்டாள். ஆனாலும் சமாளித்துக்கொண்டாள்.

"பெரிய அண்ணா, பினாங்கு. இவன் சின்ன அண்ணா. டைபாய்டு வந்து பாவம் கண்ணு..."

"டைபாய்டு இல்லை" என்றேன். "இவன் என் தம்பி சேதுராமன். குடிக்கிறவன். கல்யாணத்தில் மானம் போய்விடும் என்று இவனுக்கு நல்ல சரக்கு கிடைக்கவிடாமல் செய்தேன். கண்ட விஷத்தைக் குடித்தான், கண் போயிற்று. அந்தக் கல்யாணம் என் பெண்ணுடையது. இந்தக் கல்யாணத்துக்கும் இவனை ஒளித்து வைக்கத்தான் வந்தேன். வைக்கப் போவதில்லை. இஷ்டமிருந்தால் பெண்ணைப் பாருங்கள்."

பையனின் அம்மா மூக்கைச் சுளித்தாள். "இப்பவும் சாப்பிட்டுட்டுதான் வந்திருக்காரா?"

சேது குரல் வந்த பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "ஆமாம் மாமி. நான் ஒண்ணு. அண்ணா ரெண்டு."

அவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பையன் மட்டும் வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். லலிதாவைப் பார்த்தானா, சேதுவைப் பார்த்தானா என்று சொல்ல முடியவில்லை. மந்தைவெளியிலிருந்து பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

பங்கஜம் நான் கப்பல் ஏறும்வரை என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், மோர் விட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த டாக்சியை மறுபடி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், மறுபடியும் மயிலாப்பூர் என்றுதான் சொல்வேன். பீர் பேசியது என்று யாராவது சொன்னால், பீருக்கு அவ்வளவு நேர்மை கிடையாது, நான்தான் பேசினேன் என்பேன்.

எனக்குக் கலக்கம் ஒரு இடத்தில்தான். அன்று சாயங்காலமே லலிதா மிச்சமிருந்த பஜ்ஜியை ஒரே தட்டில் கொட்டிக் கொண்டுவந்து எங்கள் இருவர் நடுவிலும் வைத்தாள். நானே ஆரம்பித்தேன்.

"லலிதா, உன் வரனை நான் கெடுத்துவிட்டேன்."

"கெட்டா போகட்டும். சேது மாமாவை ஒளிச்சு வெச்சுட்டு எனக்கு அந்த ஆத்துச் சம்பந்தமே வேண்டாம்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா பெரிய மாமா, யாரோட வரன் அது? நேத்திக்குப் பாண்டி பஜார்ல பக்கத்துலயேதானே நின்னுண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று கெஞ்சினவனையும் நான் கேட்கவில்லை. சேது தட்டைத் தடவிப் பெரிய பஜ்ஜியாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

"அவருக்கு அது வராதுடி லல்லி" என்றான். "சின்ன வயசுலேர்ந்தே."

"இனிமே வரட்டும்" என்றாள் அவள். "அடுத்த தடவை யாராவது பார்க்க வந்தா, சேது மாமாவும் நானும் வாசல்லயே நின்னு எல்லாத்தையும் சொல்லித்தான் உள்ள கூட்டிண்டு வருவோம். பெரிய மாமா, நீங்க பேசாம உள்ள உக்காந்து பஜ்ஜி சாப்பிடுங்கோ."